சிவப்புப் பொத்தான்

சலவைத் தொழிற்சாலையில் என் அக்காவை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் எண்ணெய் ஒரு சொட்டுக் கசிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அந்த இடத்தின் கொதிகலன் அவள் பொறுப்பு. ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பினேன். அந்த ஆறு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

எண்ணெயை எரிக்கும் பர்னரில் மூன்று வகையோடு அவள் வாழ்ந்திருக்கிறாள். சின்ன வயதில் எங்கள் வீட்டு அடுப்பில் இருந்தது சட்டி பர்னர். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும், சட்டியின் சூட்டில் ஆவியாகி, சத்தமில்லாமல் எரியும். பிறகு காகித ஆலையில் கிண்ண பர்னர். விர்ரென்று சுழலும் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து எண்ணெய் ஏடாகத் தெறிக்கும், காற்று அதைக் கிழித்துத் தூளாக்கும். எவ்வளவு கெட்டியான எண்ணெய்க்கும் அது முகம் சுளிக்காது.

இங்கே இருப்பது பீச்சு பர்னர். மயிரிழைத் துளை வழியாக பம்ப் எண்ணெயைப் பனிபோல் பீச்சும், மின்பொறி பற்றவைக்கும். பற்றாவிட்டால் எல்லாம் நின்று, சிவப்புப் பொத்தானில் விளக்கு எரியும். அழுத்தினால் மறுபடி முயலும்.

"ஒரு தடவைக்கு மேல அழுத்தக் கூடாதுடி," என்பாள் அக்கா. "ஒவ்வொரு தடவையும் எண்ணெய் உள்ளே தேங்கும். எரியாத எண்ணெய் வெள்ளைப் புகையா மேல வரும். அப்புறம் பத்திக்கிச்சுன்னா மொத்தமா பத்தி வெடிக்கும்."

போன வாரம் காலையில் அவளோடு போனேன். கொதிகலன் அறை வாசலிலேயே மோப்பம் பிடித்து நின்றுவிட்டாள். உள்ளே மேலாளரின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"எத்தனை தடவை சார்?"

"ஒண்ணுதாம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்மேல போன்."

"மூக்கு அஞ்சு தடவைன்னு சொல்லுது."

"மூக்குக்குத் தனிச் சம்பளம் போடணும் போலிருக்கே."

அவள் சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரி போடும் எட்டுப் பெண்களை முதலில் வெளியே அனுப்பினாள். ஆறவிட்டுக் கொதிகலனின் அடுப்பைத் திறந்தபோது, அடியில் என் முகம் தெரியும் அளவுக்கு எண்ணெய் தேங்கியிருந்தது.

அன்று நான்தான் பிடிவாதம் பிடித்து அவளுக்கு ஒரு நாள் லீவு கேட்டேன். மேலாளர் உடனே சரி என்றார். "நிம்மதியாப் போயிட்டு வா. ஒரு தடவைக்கு மேல தொட்டா என் பேரை மாத்திக்கறேன்."

லீவு நாளான இன்று காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். தொழிற்சாலை தெரிந்தது. அவள் வைத்த தீக்குப் புகையே இருக்காது, புகைபோக்கிக்கு மேல் காற்று மட்டும் நடுங்கும். இன்று காற்று நடுங்கவில்லை. வெள்ளைப் புகை குபுக்கென்று வந்து நின்றது.

"ஒண்ணு," என்றாள் அக்கா.

சிக்னலில் பஸ் நின்றது. மேலாளருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி புகை.

"ரெண்டு." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு."

"அக்கா, பஸ் கிளம்பிடும்."

"அண்ணே, கதவைத் திறங்க," என்றாள் டிரைவரிடம்.

இறங்கியவள் கொதிகலன் அறைப் பக்கம் போகவில்லை. இஸ்திரி அறை ஜன்னலை நோக்கி, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினாள். அவள் தலைக்கு மேல் நான்காவது புகை எழும்பியது. அதை நான் எண்ணினேன்.