ஐம்பது தாண்டிச் சமூகவியல் எடுத்த என் மைத்துனர்

செய்தி வந்தபோது ஜாலான் புசாரில் என் சாவிக்கடையில் ஒருவருக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தேன். கைபேசியில் என் மனைவி சரோஜா. "தம்பி போயிட்டான்ங்க," என்றாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சிங்கப்பூரிலேயே வேகமாகச் சாவி வெட்டுகிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தச் சாவியைக் கெடுத்துவிட்டேன்.

திரு. தனபாலன் அவர்கள் சரோஜாவின் தம்பி. லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இந்தக் குடும்பத்தில் நான் வாய், அவர் காது. அந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் பட்டப்படிப்பில் சேரும்வரை.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது என் பொறாமையைச் சொல்லலாமா என்று சரோஜா கேட்கிறாள். உயிரோடு இருந்தபோதே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதுதான். இப்போது மறைத்தால் அவரே நம்பமாட்டார்.

வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் பட்டப்படிப்பு. எதை எடுப்பது என்று சுவா சூ காங்கில் அவர் வீட்டில் கூடிப் பேசினோம். அவருக்கு வரலாறா, சமூகவியலா என்பதில்தான் குழப்பம். நான் இரண்டும் வேண்டாம் என்றேன்.

"மாப்ள, பிசினஸ் எடுங்க. சோஷியாலஜி படிச்சு என்ன பண்ணுவீங்க, லிப்ட்டுக்கு எண்ணெயா போடுவீங்க?"

"அத்தான், பஸ்ல பக்கத்து ஆளோட பேசுறவங்க லிப்ட்டுக்குள்ள வந்தா சுவத்தப் பாக்குறாங்க. ஏன்னு எனக்குத் தெரியணும் லா."

"இதுக்குப் போய் யூனிவர்சிட்டியா? என்ன கேளுங்க. கூச்சம்."

"அப்ப பஸ்ல ஏன் கூச்சம் வரல?"

என்னிடம் பதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் அறிமுக நாளுக்கு நானும் கூடப் போனேன். ஒரு பேராசிரியை என்னோடு சிறிது நேரம் பேசிவிட்டு, நீங்களும் சேரலாமே என்றார். கடையை யார் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு நின்றவன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மனிதர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பதைக் கடை வாசலில் காசு வாங்காமல் சொல்லிவந்தவன் நான். என் தொழிலை மைத்துனர் பணம் கட்டிப் படிக்கப் போனார்.

அதன்பின் கல்யாண வீடுகளில் நாற்காலிகள் மெல்ல அவர் பக்கம் நகர்ந்தன. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கேள்விதான் கேட்பார். ஆனால் ஆட்கள் அவரிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்குச் சோறு இறங்காது.

கடைசி ஆண்டில் லிட்டில் இந்தியா, ஜாலான் புசார் பக்கத்துப் பழைய ஆட்களின் வாழ்க்கையை ஆராயப்போகிறார் என்று தெரிந்ததும் முடி வெட்டிக்கொண்டேன், புதுச் சட்டை எடுத்தேன். என்னை விட்டால் யார்? அவர் வந்தார். என் கடையைத் தாண்டி, பூட்டு விற்கும் மாரிமுத்துவிடம் போய் உட்கார்ந்தார். மாரிமுத்து ஆமாம், இல்லை என்பதற்குமேல் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏன் மாப்ள, நானெல்லாம் ஒரு ஆளா தெரியலையா?"

"சொந்தக்காரங்கள எடுக்கக் கூடாதுன்னு லெக்சரர் சொல்லிட்டாங்க அத்தான்."

"சரி. சொந்தம் இல்லைனா எடுத்திருப்பீங்களா?"

"போன மாசம் நீங்க கதை சொன்னப்ப, கடையில புடிச்ச திருடன் ஒருத்தன். இந்த மாசம் மூணு பேரு."

"மத்த ரெண்டு பேரு அப்புறமா வந்தானுங்க."

சிரித்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்காத மாதிரி தினமும் போன் செய்தார்.

பட்டமளிப்பன்று அந்தத் தொப்பியை வாங்கி நானும் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். என் தலைக்குத்தான் பொருத்தமாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள். படம் கடையில் மாட்டியிருக்கிறது. என்ன படித்தீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டால், சமூகவியல் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை ஓடவிடுவேன்.

அவர் உடலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தபோது அவரோடு படித்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். பாதிப் பேருக்கு அவர் மகள் வயதுதான். அழுதார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன், ஒளிப்பானேன். அப்போது பிரியா என்ற பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதானே அங்கிள், குவீன்ஸ்டவுன்ல மாடிக்கே ஒரே போன் வச்சிருந்த வீட்டுப் பையன்? அக்கம்பக்கத்துக்கு வர்ற சேதிய நீங்கதான் ஓடிப்போய்ச் சொல்லுவீங்களாம். கெட்ட சேதின்னா கொஞ்சம் மாத்தி, வலிக்காத மாதிரி சொல்லுவீங்களாம்."

"யாரு சொன்னா?"

"தனபாலன் அங்கிள்தான். ஏன் சோஷியாலஜி எடுத்தீங்கன்னு முதல் கிளாஸ்ல ஒவ்வொருத்தரையும் கேட்டாங்க. அவர் இதத்தான் சொன்னாரு. ஒரு மாடியே ஒரு பையன் வாய நம்பி இருந்துச்சுன்னு சொன்னாரு."

அந்தக் கதையை நான் எத்தனை விருந்தில் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. உங்க வீட்டுல போனே கிடையாது என்று சரோஜா நடுவில் வெட்டிவிடுவாள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"உண்மைதானே அங்கிள்?" என்று கேட்டாள் பிரியா.

"தனபாலனே சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப உண்மைதான்மா."

அவள் தலையாட்டினாள். என் கதையை ஒருவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். என் வாயால் சொல்லி நடக்காதது, அவர் வாயால் ஒருமுறை சொல்லி நடந்திருக்கிறது. பொறாமைப்படாமல் என்ன செய்வது?

மண்டாய் தகனச் சாலையில் பெட்டி மெதுவாக உள்ளே நகர்ந்தது. பிள்ளைகள் பார்வையாளர் அறைக் கண்ணாடியோடு ஒட்டி நின்றார்கள். நான் எப்படியோ முன்னால் போய் நின்றுகொண்டேன். ஏதாவது பேசுங்க என்று யாரோ முதுகைத் தொட்டார்கள். எனக்கு வார்த்தை வரவில்லை. இதை யாரும் நம்பப்போவதில்லை. எடுத்துச் சொல்ல நீங்களும் இல்லை. போய் வாருங்கள், மாப்ள.