பதினைந்து ஷட்டர் லோக்கல்

காலை 6.05. தாதர். சேலத்தில் ஏறி ஒரு பகலும் இரண்டு இரவும் ஸ்லீப்பரில் மடங்கிக் கிடந்தவன், பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே நிமிர்ந்துவிட்டேன். இந்த ஊர் ஆளை நிமிர்த்தித்தான் நடக்க வைக்கிறது. குனிந்தால் பின்னால் வருபவர் மேலேயே ஏறிப் போய்விடுவார். நான் பார்க்க வந்தது கடலையோ சினிமாக்காரர் வீடுகளையோ அல்ல. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் பதினைந்து கடை ஷட்டர்களை!

விஷயம் இதுதான். வியாபாரம் படுத்துப்போன கடைத்தெருக்களில் ஓவியம் வரைய நகர நிர்வாகம் மானியம் தருகிறது. படம் பார்க்க ஆள் வரும், வந்த ஆள் கையோடு ஏதாவது வாங்கும் என்பது அவர்கள் கணக்கு. தாராவிக்கு வந்த மானியத்தில் முத்துலட்சுமி என்ற பெண் பதினைந்து ஷட்டர்களில் ஒரு லோக்கல் ரயிலை வரைந்திருக்கிறாள். ஒரு கடைக்கு ஒரு பெட்டி. அதில் நான்கு பெட்டிகளின் படத்தை மட்டும் போனில் பார்த்தேன். மீதியைக் கேட்டு எழுதினேன். "நேர்ல வந்து பாருங்கண்ணா" என்று பதில் வந்தது. டிக்கெட் எடுத்துவிட்டேன். என் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.

காலை 7.15. மாட்டுங்கா. தாதரிலிருந்து ஒரே ஸ்டேஷன், ஐந்து ரூபாய். பூக்கடைகளையும் வாழையிலைக் கட்டுகளையும் தாண்டி ஓர் இட்லிக் கடையில் நுழைந்தேன். காபி நாற்பது ரூபாய். சேலத்தில் இந்த விலைக்கு இரண்டு குடித்துச் சில்லறையும் வாங்கியிருப்பேன். எதிரே தோளில் ஆபீஸ் பையை மாட்டியபடியே ஒருவர் வடையை சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்து வரேள்?"

சொன்னேன். ஷட்டர் ஓவியங்களைப் பற்றியும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"பேஷ். தாராவியில ஆர்ட் கேலரியா! எப்போ திறப்பா?"

"ஷட்டர்ல இருக்கிற படம் சார். கடை மூடியிருந்தாத்தான் தெரியும்."

வடை பாதி வழியில் நின்றது. "அப்போ கடைக்கு ஜனம் வர்ற நேரத்துல படம் இருக்காது. படம் இருக்கற நேரத்துல கடை இருக்காது. யாருக்கு ஸ்வாமி இது?"

அவர் கை கழுவிக்கொண்டு 7.42 லோக்கலைப் பிடிக்க ஓடிவிட்டார். எனக்கு மூன்றாவது இட்லி இறங்கவில்லை.

காலை 8.40. சயான். இங்கே பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் இறங்கினால் பத்து நிமிட நடையில் தொண்ணூறு அடி ரோடு. மாவுக் கடை, மளிகை, பாத்திரம், தையல், தோல் பை. பலகைகளில் தமிழும் மராத்தியும் இந்தியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. முத்துலட்சுமி டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். முழங்கை வரை பெயின்ட் கறை.

"அண்ணா, டயத்துக்குத்தான் வந்திருக்கிய. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். மேடம் ஓகே சொன்னா அந்தப் பக்கம் பன்னெண்டு கடைக்கு ரெண்டாவது மானியம். எனக்கும் கூட மூணு பேருக்கும் ஆறு மாசம் வேலை. இல்லன்னா பணம் வேற ஏரியாவுக்குப் போயிரும், நான் ஐரோலிக்கு. அங்க ஒரு கம்பெனில டேட்டா என்ட்ரிக்கு வரச் சொல்லுதாவ. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

ரயிலைக் காட்டினாள். ஒவ்வொரு பெட்டி ஜன்னலிலும் அந்தந்தக் கடைக்காரரின் முகம். அச்சு அசல்! தையற்காரர் கழுத்தில் டேப், பாத்திரக் கடைக்காரர் மடியில் குத்துவிளக்கு, தோல் பைக் கடைக்காரர் வாசல் கம்பியில் தொங்கியபடி பறக்கிறார். ஆனால் ரயில் பொக்கை வாயாக இருந்தது. மாவுக் கடையும் பால் கடையும் திறந்திருந்ததால் நடுவில் இரண்டு பெட்டிகள் இல்லை. டீக்கடை விடிவதற்கு முன்பே திறந்துவிட்டதால், மோட்டார்மேன் உட்காரும் முதல் பெட்டியும் மேலே சுருண்டு கிடந்தது.

"முழுசா எப்போ தெரியும்?"

"நானே பாத்ததில்லண்ணா. ஒண்ணு மூடினா ஒண்ணு தொறந்திருக்கும். டீக்கடைச் சுடலையண்ணன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போன வாரத்துலதான் அவரு ஷட்டரையே வரைஞ்சேன்."

பிறகு மானியக் கடிதத்தைக் காட்டினாள். அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. 'வியாபார நேரத்தில் பொதுமக்கள் பார்வையில் படும்படி ஓவியம் அமைந்திருக்க வேண்டும்.' வடை தின்றவர் மனக்கண்ணில் வந்து சிரித்தார்.

"இத முந்தா நாள்தான் ஒழுங்காப் படிச்சேன்" என்றாள் முத்து.

காலை 10.30. ஷட்டர்கள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று மேலேறின. பெட்டி பெட்டியாக ரயில் காணாமல் போனது. முத்து கடை கடையாக ஏறி, பன்னிரண்டு மணிக்கு ஐந்தே நிமிடம் ஷட்டரை இறக்கிக் காட்டும்படி கெஞ்சினாள். நானும் பின்னாலேயே போனேன். எங்கு போனாலும் ஒரே பதில்தான். அதை முழுசாகச் சொன்னவர் தோல் பைக் கடை பீர் முகமது.

"எம்மா, கேக்கது நீன்னு தெரியாமலா? பட்டப்பகல்ல ஷட்டர எறக்குனா என்ன அர்த்தம்? இந்த ரோட்டுல ஒரு மவுத்து, ஒரு சாவுன்னு அர்த்தம். யாரும் மவுத்தாகாம நான் எறக்கலாமா? ஸ்கூல் தொறக்க வாரம் வேற. கிராக்கி வாசல்ல நிக்கான்."

"அஞ்சு நிமிஷம் மாமா."

"அஞ்சு நிமிஷமே ஆனாலும் அபசகுனம் அபசகுனந்தான். போதாக்குறைக்கு எனக்கு இம்புட்டுத் தொப்பை வரைஞ்சு வச்சிருக்கே. ஊரே பாக்கணும்ங்கியா?"

அடுத்த கடை பாத்திரக்காரர் இசக்கி அண்ணாச்சி எனக்கு விளக்கம் சொன்னார். "தம்பி, இங்க ஒரு முறை இருக்கு. பக்கத்துக் கடை ஷட்டர் பகல்ல எறங்குச்சுன்னா, நாம மொதல்ல எறக்கிரணும். யாரு, என்னன்னுல்லாம் பெறவுதான் கேக்கணும். கேட்டுட்டு எறக்குனா மரியாத இல்ல. அதனால சும்மா வெளையாட்டுக்கெல்லாம் தொடப்படாது."

மதியம் 12.10. ஆட்டோவிலிருந்து ஜாதவ் மேடம் இறங்கினார். மராத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும். கையில் ஃபைல், வியர்வை துடைக்கச் சின்னத் துண்டு. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். தொங்கும் ஸ்கூல் பைகள், அடுக்கிய குக்கர்கள், பாவாடை ரிப்பன்கள். ஓவியம் என்று ஒரு பொட்டுகூட இல்லை.

"பெயின்டிங் கிதர் ஹை?"

முத்து மேலே கை காட்டினாள். மேடம் அண்ணாந்து பார்த்தார். சுருண்ட இரும்பு.

அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியை மாட்டி, சிவப்புக் கோடு போட்ட அதே வரியைத் தன் பிரதியில் விரலால் தொட்டுக் காட்டி, 'நான் என்னம்மா எழுதுவது?' என்பதுபோலப் பார்த்தார். முத்து போனில் இருந்த படங்களை நீட்டினாள். "போட்டோ நஹீ, பேட்டி. ரோட் பே திக்கானா" என்றார் மேடம். போட்டோவில் அல்ல மகளே, ரோட்டில் காட்டு. முத்துவின் கை கீழே இறங்கியது. நான் பார்க்கக்கூடாது என்று பைகளின் விலை அட்டையைப் படித்தேன். முந்நூற்று ஐம்பது, நானூற்று இருபது.

பீர் பாய் கல்லாவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "சே, என்ன எழவுடா" என்று முனகிக்கொண்டே வெளியே வந்தார். கொக்கிக் கம்பை எடுத்தார். "மேடம், ஏக் மினிட். தேக்கோ. பாத்துட்டு ஏத்திருவேன்" என்றபடி ஷட்டரை இழுத்தார்.

கடகடவென்று இறங்கியது. தொப்பையோடு, கம்பியில் தொங்கிப் பறக்கும் பீர் பாய். பக்கத்தில் உண்மையான பீர் பாய், அதே சட்டையில். மேடம் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பக்கத்தில் ஒரு கடகட. இசக்கி அண்ணாச்சி, தலையைக் குனிந்தபடி, தன் ஷட்டரை இறக்கிவிட்டார். அதற்கு அடுத்துத் தையற்கடை. மாவுக் கடை. பால் கடை. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறை அப்படி! இரும்புச் சத்தம் ரோட்டோடு ஓடியது. பெட்டிக்குப் பின் பெட்டி, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ரயில் எங்கள் கண் முன்னால் முளைத்துக்கொண்டே போனது. கடைசியாக டீக்கடைச் சுடலை பாய்லரை அணைத்துவிட்டு அவசரமாக இறக்கினார். மோட்டார்மேன் தொப்பியோடு சுடலை, கையில் டீ கிளாஸ்.

பதினைந்து பெட்டி. முழு வண்டி. முத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சத்தம் அங்கேயும் நிற்கவில்லை. டீக்கடைக்கு அப்பால் இருந்த பன்னிரண்டு கடைகளும் இறங்கின. அவை வெறும் சாம்பல் நிறம்.

"யாருல? யாரு தவறிட்டா?" இசக்கி அண்ணாச்சி தோளில் துண்டோடு வந்தார்.

"யாரும் தவறல" என்றார் பீர் பாய்.

"பெறவு எதுக்குவே எறக்குனீரு?"

"மேடத்துக்குப் படம் காட்ட."

"படமா! நான் உம்ம மாமனாருக்குத்தான் ஏதோ ஆயிட்டுன்னு நெனச்சு, பூக்கடைக்குப் போன் போட்டு மாலை சொல்லிட்டேன்வே!"

"அவரு இப்பத்தான் பிரியாணி கேட்டு போன் பண்ணுனாரு."

ரோடு முழுக்கச் சிரிப்பு. கடைக்குள் வர இருந்த வாடிக்கையாளர்கள், ஆட்டோக்காரர்கள், சாமான் தூக்குபவர்கள் என்று எல்லாரும் நின்று ரயிலைப் பார்த்தார்கள். "அரே, யே தோ அப்னா தர்ஜி ஹை" என்று ஒருவர் தையற்காரரின் முகத்தைக் கண்டுபிடித்தார். போன்கள் உயர்ந்தன. சாம்பல் நிறக் கடைக்காரர்கள் ஓடிவந்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டு முத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்கள எப்போமா ஏத்துவே?"

மேடம் முத்துவிடம் கேட்டார். இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் இறக்க வைத்தது எப்படி? நல்ல ஏற்பாடு!

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்து ஒரு நொடி தன் ரயிலைப் பார்த்தாள். பிறகு, "மேடம், மை நே குச் நஹீ கியா" என்றாள். நான் எதுவும் செய்யவில்லை. யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து இறக்கினார்கள், இன்னும் ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடுவார்கள், நாளைக்கு இறக்கமாட்டார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பேட்டையிலும் இந்த முறைதான் என்று இந்தியில் சொன்னார். முதலில் ஷட்டர், அப்புறம்தான் கேள்வி. பிறகு வண்டியின் முகப்பு வரை நடந்து, சாம்பல் நிறம் தொடங்கும் இடத்தில் நின்றார்.

"காடி தோ ஆ கயி. ஸ்டேஷன் கிதர் ஹை?"

வண்டி வந்துவிட்டது, ஸ்டேஷன் எங்கே?

முத்துவின் முகத்தில் சட்டென்று ஏதோ ஓடியதை நான் பார்த்தேன். மானியக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்திலேயே கிறுக்க ஆரம்பித்தாள். கடைக்கும் கடைக்கும் நடுவிலுள்ள தூண்கள், படிகள், ஷட்டர் சுருண்டு ஏறும் மேல்பெட்டி. கடை திறந்தாலும் மூடினாலும் இவை அங்கேயேதான் இருக்கும். தூண்களில் பிளாட்பாரக் கூட்டம், மேல்பெட்டியில் ஸ்டேஷன் பலகையும் கடிகாரமும். "வண்டி வரும், போகும் மேடம். ஸ்டேஷன் ஹமேஷா ரஹேகா." ஸ்டேஷன் எப்போதும் இருக்கும்.

மேடம் அந்தக் கிறுக்கலைப் பார்த்தார். ஃபைலைப் பீர் பாயின் முதுகில் வைத்தே எழுதினார். பாய் அசையாமல் குனிந்து நின்றார். வியாபாரிகளின் ஒத்துழைப்பு என்ற கட்டத்தில் 'முழுமையாக உண்டு'. இரண்டாம் கட்டம், தூண்களும் மேல்பெட்டிகளும்: 'பரிந்துரைக்கப்படுகிறது'. தேதி, கையெழுத்து.

அப்போதுதான் மாலை வந்து சேர்ந்தது. ஆளுயர ரோஜா மாலை, சைக்கிளில்.

"இத என்ன செய்ய?" என்றார் இசக்கி அண்ணாச்சி. "திருப்பி எடுக்க மாட்டானே."

"மேடத்துக்குப் போடுங்க" என்றது ஒரு குரல்.

"ஏ, எழவுக்குச் சொன்ன மாலைய அவியளுக்குப் போடுதியளா? வெளங்குனாப்லதான்!"

சுடலைதான் தீர்த்து வைத்தார். "புது வண்டி விடும்போது மாலை போடமாட்டாவளா? எஞ்சின்ல போடுங்கய்யா." தன் ஷட்டரின் கொக்கியில் அவரே மாலையைத் தொங்கவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், மாலையை மெல்லக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு ஷட்டரை ஏற்றிப் பாய்லரைப் பற்ற வைத்தார். வியாபாரம் முக்கியம். அடுத்த இரண்டு நிமிடத்தில் பதினைந்து பெட்டிகளும் மேலே சுருண்டுகொண்டன.

மாலை 4.20. சயானில் செம்பூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே சித்தப்பா வீட்டில் இரவு தங்கல். டிக்கெட் பத்து ரூபாய். ஐரோலிக் கம்பெனிக்கு வரவில்லை என்று பதில் சொல்லிவிட்டதாக முத்துவிடமிருந்து செய்தி வந்தது. கூடவே ஒரு படம்: பீர் பாய் மூச்சை இழுத்து வயிற்றை எக்கி நிற்கிறார், தொப்பையைத் திருத்தி வரைவதற்கு மாடலாக.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சேலத்தில் அப்பா கடை வைத்திருக்கும் எங்கள் செவ்வாய்ப்பேட்டையை நினைத்தேன். அங்கேயும் கடைகள் உண்டு, ஷட்டர்கள் உண்டு, மானியம் கேட்டால் ஒருவேளை கிடைக்கும். எங்கள் கடைக்கு எதிரே இருப்பவர் ஒரு மத்தியானம் திடீரென்று ஷட்டரை இறக்கினால், அப்பா கேட்காமல் இறக்குவாரா? தெரியவில்லை. ஊருக்குப் போனதும் முதலில் அதைக் கேட்க வேண்டும். பெயின்ட் விலையை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.