லாரி நிற்காத ஊருக்கான தேர்வு

2006-ஆம் ஆண்டு தவக்காலத்தில் எனக்கு வேலை போகும் நிலை வந்தது. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் பம்பு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். சப்ளை செயின், அதாவது பொருள் வரத்தைத் திட்டமிடும் சான்றிதழ்த் தேர்வில் தேறியவர்கள்தான் அந்தப் பிரிவில் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். மேனேஜர் என்னையும் சேகரையும் கூப்பிட்டார். சேகர் பக்கத்து மேசைக்காரன், வீராம்பட்டினத்தான். இரண்டு முறை எழுதலாம், அதற்குள் தேறாவிட்டால் இங்கே இடமில்லை என்றார்.

முதல் முறை சென்னை போய் எழுதினோம். இருவரும் தோற்றோம். நான் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தேன். பள்ளியில் அப்படித்தான் படித்தேன், வேறு வழி தெரியாது.

"இன்னா சேவியரு, மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனது பத்தலையா? அடுத்த தடவ பெருசா வாங்கி ஏத்து" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள்.

கசந்துபோனேன். ஞாயிறு கோயிலுக்குப் போனேன், ஜெபம் வரவில்லை. "ஞாபகசக்தி குடு, இல்லன்னா வேற வேலை குடு" என்று முறைப்பாகக் கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அன்று மாலை, நான் எழுதிப் பார்த்திருந்த மாதிரி வினாத்தாளை என் மனைவி ரோஸ்லின் கையில் எடுத்தாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான் தவறாகப் போட்டதை மட்டும் கேட்டாள். பொருள் அடிக்கடி தாமதமாக வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. கொடுத்திருந்த விடைகளில், கையிருப்பைக் கூட்ட வேண்டும் என்பதைப் போட்டிருந்தேன்.

"ஏன்?"

"லாரி செக்போஸ்ட்டுல நின்னுடும்ல."

"கேள்வில ஏதுங்க செக்போஸ்ட்டு? நீங்க உங்க கம்பெனிக்கு பதில் எழுதியிருக்கீங்க."

தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குள் வரும் லாரி எல்லையில் வரிச் சோதனைக்கு நிற்கும். ஒரு காகிதம் குறைந்தாலும் அன்றைய வேலை கெடும். அதனால் எதையும் இரட்டிப்பாக வாங்கிக் குவிப்பது எங்கள் வழக்கம். தேர்வு எதிர்பார்த்த விடையோ, தாமதத்தின் காரணத்தை முதலில் கண்டுபிடி என்பது. என் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே பழக்கத்தில் விளைந்தவை.

நான் கேட்டது ஞாபகசக்தி. வந்த உதவி வேறு.

அதன்பின் தினமும் கேள்விகளை எடுத்துப் போட்டேன். சரியான விடை எது என்பதோடு, மற்ற விடைகள் ஏன் தவறு என்றும் ரோஸ்லினுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெங்காயம் உரித்துக்கொண்டே "புரியல" என்பாள். அவளுக்குப் புரியாத இடமெல்லாம் எனக்கும் புரியாத இடம்தான். அதை மட்டும் புத்தகத்தில் படித்தேன். சில நாள் விட்டு அதே கேள்விக்குத் திரும்பி வந்தேன்.

சேகரையும் இப்படிப் படிக்கச் சொன்னேன். "போ மச்சான், லாரி நின்னா உன் புஸ்தகமா வந்து தள்ளும்?" என்றான். அதுவும் உண்மை. அவன் வாங்கிக் குவித்ததால்தான் எங்கள் மெஷின்கள் நிற்காமல் ஓடின. இரண்டாம் தேர்வன்று அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து, பஸ்ஸில் எனக்கும் குங்குமம் கொடுத்தான். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் தேறினேன். அவன் தேறவில்லை.

அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது, "உன் மாதா ஜெயிச்சிட்டாங்கடா" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். அடுத்த வாரம் மேனேஜர் என் சான்றிதழைச் சட்டம் போட்டு, வாடிக்கையாளர்கள் வந்து உட்காரும் அறையில் மாட்டினார்.

சாட்சி சொல்லும்படி, எங்கள் பங்குக் குடும்பங்கள் வீடுகளில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் என்னைக் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், நன்றி. ஆனால் சேகரின் வேண்டுதலை அவர் தள்ளிவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. அவனை வெளியே அனுப்பிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியும். தினமும் அவருக்கு வணக்கம் சொல்கிறேன்.

சேகர் இப்போது ஒரு லாரி ஆபீசில் இருக்கிறான். ரோஸ்லின் நேரில் போய்க் கூப்பிட்ட பிறகு, சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருகிறான். "ஏன்?" என்று அவள் கேட்கிறாள். அவன் திணறுகிறான், திட்டுகிறான், மறுபடி சொல்கிறான். முன்பு எனக்காக மட்டும் ஜெபித்தேன். இப்போது என் ஜெபத்தில் அவன் பெயர்தான் முதலில் வருகிறது.

நீங்களும் கேளுங்கள். முறைப்பாகக் கேட்டாலும் அவர் கேட்பார். பதில் உங்கள் அடுக்களையிலிருந்து வரலாம், காதைத் திறந்து வையுங்கள். வேறு கம்பெனியில் வேலை தேடுவதற்காக, அடுத்த மாதம் சேகர் அதே தேர்வை மறுபடி எழுதுகிறான். இன்று முழந்தாளிடும்போது அவன் பெயரையும் சொல்லுங்கள்.