லைனில் இருங்கள், ஜெபிக்கலாம்

போனில் ஊராருக்காக ஜெபம் செய்வதுதான் என் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. கோயம்புத்தூரில் ஒரு ஜெப ஊழியத்தின் மாடியில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கஸ்டமர் கேரில் உட்கார்ந்து காது புண்ணானவர்களே, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். இந்த வேலைக்கு வந்தால் இயேசுவை இன்னும் கிட்ட இருந்து அறியலாம் என்று நம்பி வந்தேன். மூன்று வருஷத்தில் வீட்டில் நான் சொந்தமாக ஜெபிப்பதே நின்றுபோயிற்று. முழங்காலிட்டால், "உங்க பேரும் ஊரும் சொல்லுங்க" என்றுதான் வாய் ஆரம்பிக்கிறது. அந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

அட்டையில் இல்லாத ஜெபம்

எங்கள் மேஜையில் ஒரு அட்டை இருக்கும். சுகவீனத்துக்கு ஒரு ஜெபம், கல்யாணத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. கோடிட்ட இடத்தில் பெயரைச் சேர்த்து வாசித்தால் போதும். ஒருநாள் சூலூரிலிருந்து ஒரு அம்மா, பெற்ற மகன் எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அழுதார். அதற்கு அட்டையில் ஜெபம் இல்லை. நானும் கூடச் சேர்ந்து அழுது, வாய்க்கு வந்தபடி ஜெபித்தேன்.

அழைப்புகளை ஒட்டுக்கேட்பது எங்கள் சூப்பர்வைசரின் ஊழியம். உடனே கூப்பிட்டனுப்பினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். "சொந்தமா எல்லாம் ஜெபிக்காதீங்க சிஸ்டர், அப்புறம் ஜனங்க ஆண்டவரை விட்டுப்போட்டு உங்களைக் கேட்டு போன் பண்ணுவாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நோட்டு

வெள்ளிதோறும் எங்களுக்கு உபவாசம். அதற்கு ஒரு நோட்டு வேறு. சாயங்காலம் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வெள்ளியன்று தலைசுற்றல் தாங்காமல் மத்தியானம் எதிர்க்கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டேன். பொய்க் கையெழுத்துப் போட மனமில்லாமல் இடத்தைக் காலியாக விட்டேன்.

சூப்பர்வைசர் கண்ணில் மற்ற ஐந்து கையெழுத்துகளும் படவில்லை, என் காலி இடம்தான் பட்டது. நான் உண்மையைச் சொன்னேன். அவருக்கு இட்லி மீது ஒரு வருத்தமும் இல்லை. "சாப்பிட்டாலும் கையெழுத்துப் போட்டுருங்க சிஸ்டர், காலியா விட்டாத்தான் மேல கேள்வி வருது."

துடியலூர்க்காரர்

போனில் வந்த இவர் எடுத்த எடுப்பிலேயே வருஷா வருஷம் வேதாகமத்தை ஆதி முதல் அந்தம் வரை முடிப்பதாகச் சொன்னார், இது ஒன்பதாவது முறையாம். மகள் ஒரு பையனை விரும்புகிறாள், அது முறிய ஜெபிக்க வேண்டும். பையன் குடிப்பானா என்றேன். இல்லை. சபைக்கு வராதவனா? ஞாயிறு பள்ளியே அவன்தான் நடத்துகிறான். பிறகு என்னதான் குறை என்று விடாமல் கேட்டதில், குரலைத் தாழ்த்தி அவன் சாதியைச் சொன்னார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பது முறை படித்துக் கற்றுக்கொண்டது இதுதானா என்று கேட்டே விட்டேன். மனுஷன் கோபித்திருந்தால்கூட மரியாதை இருந்திருக்கும். குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல அத்தனை பதவிசாகச் சொன்னார்: "விசுவாசம் வேறைங்க அம்மணி, சம்பந்தம் வேறைங்க."

ஷட்டவுன் நாள்

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஒரு பெண். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் கரண்ட் போனால்தான் கூப்பிடுவாள். லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கணவன் நாலு மாதமாகப் படுக்கையில். போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். நான் அட்டையை எடுத்து ஆரம்பித்ததும் நிறுத்தினாள். போன தடவையும் இதையேதானுங்க சொன்னீங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்னுடையது, கோபம் அவள்மேல் பாய்ந்தது. "அப்ப நீங்களே ஜெபிச்சுக்குங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள். "ஏனுங்க ஏசப்பா," என்று, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல ஆரம்பித்தாள். "இந்த அக்கா கோவமா இருக்கறாங்க. நானும் உங்க மேல கோவமாத்தானுங்க இருக்கறேன். அவரை எந்திரிக்க வெக்கறதுன்னா வெய்யுங்க. இல்லீன்னா என்ற கூட வந்து உக்காருங்க, தனியா முடியலீங்க." அட்டையில் தேடினால் இதில் ஒரு வரிகூட இருக்காது. திடீரென்று அந்தப் பக்கம் தறிகள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன. ஆமென்கூட இல்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்: "கரண்ட் வந்துருச்சுங்க ஏசப்பா, வாரேனுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் முழங்காலிட்டு, மூன்று வருஷ ஆத்திரத்தையும் சேர்த்து ஆண்டவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன்; எங்கள் ஆபீசில் அதை ஜெபக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.