கோப்பின் தேதி

கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு குறை இருந்தது. பாவு நூல் அறுந்தால் தறி உடனே நிற்க வேண்டும். அது கொஞ்சம் தாமதித்தே நின்றது. அதற்குள் துணியில் பழுது விழுந்துவிடும். அலுவலகத்தின் பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும், என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் போனோம். புரோகிராம் எழுதியவர் அவர்தான்.

தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினார். புது புரோகிராமைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே ஒரு நூலை அறுத்துப் பார்த்தோம்.

"அம்மணி, முந்தி மாதிரியேதானுங்க நிக்குது" என்றார் தறிக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

புரோகிராம் எழுதியவர் மறுபடி திருத்தினார். மறுபடியும் அதேதான். தான் புரிந்துகொண்டதே தப்போ என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் திருத்தியது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் தறி கேட்கவில்லையே.

சற்று யோசித்தவர், தான் எழுதிய கோப்பின் நடுவில் அர்த்தமில்லாத எழுத்துகளைத் தட்டினார். அதைப் பார்த்ததும், கோப்பைப் படித்துப் புரோகிராமாக ஆக்கும் பில்ட் கருவி பிழை காட்டி நின்றிருக்க வேண்டும். ஆனால் எல்லாம் சரி என்றே வந்தது.

"அண்ணா, இது நான் எழுதுன ஃபைலைப் படிக்கவே இல்லைங்க."

லேப்டாப்பின் தேதியைப் பார்த்தேன். உள்ளே இருந்த சிறு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. அவர் இப்போது சேமித்த கோப்பு, முன்பு தயாரான புரோகிராமைவிடப் பழையதாகத் தெரிந்திருக்கிறது. பழைய கோப்புதானே என்று பில்ட் கருவி அதைத் தொடவே இல்லை; பழைய புரோகிராமே திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போயிருக்கிறது. தேதியைச் சரிசெய்து, அந்த எழுத்துகளை அழித்துவிட்டு ஏற்றினோம். நூல் அறுந்ததும் தறி சட்டென்று நின்றது. தறிக்காரர் டீ சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது அவினாசி ரோடு முழுக்க இதே பேச்சுதான். தேதியை விட்டுவிட்டு, கோப்பில் உள்ளதைக் கணக்கிட்டு வரும் செக்சம் என்ற எண்ணை ஒப்பிடலாம் என்றார். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் படித்தால் நேரமாகுமே என்று நான் தயங்கினேன். "ஆனா ஆயிட்டுப் போகுதுங்கண்ணா. நான் என்னையே சந்தேகப்பட்டுப்போட்டேன்" என்றார்.

ஒரு கோப்பை எப்போது சேமித்தோம் என்பது வேறு, அதில் என்ன மாறியது என்பது வேறு. அதுவரை இரண்டையும் நான் பிரித்து நினைத்ததே இல்லை.

அந்த வாரமே பில்ட் கருவியைச் செக்சம் பார்க்கும்படி மாற்றினோம். பில்ட் தொடங்க முன்பைவிடச் சற்று நேரம் எடுக்கிறது. அவர் அந்த இடைவெளியில் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.