வனவர் அம்மாவின் வஞ்சம்

கருகிப்போன பறவையைத் தன் காக்கித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வனவர் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்த காலைதான், அவரை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் கண்முன் வந்து நிற்கிறது. நான் அப்போது அவருடைய ஜீப் ஓட்டுநர். அழுதிருப்பார் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். கண்ணில் ஈரமே இல்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டிய எடு. அவன் இதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த ஊர உட்டுப் போவ மாட்டேன்" என்றார். பறவைகளைக் காப்பவர்கள் இளகிய மனசுக்காரர்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். எங்கள் வனவர் அம்மா அப்படியில்லை. மலை உச்சியில் அந்தப் பறவைகள் தங்கும் மேட்டைக் காப்பாற்றியது அவருடைய வஞ்சம்.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பக்கம் உள்ள மலைகளில் ஒன்றின் உச்சி, மரமே இல்லாமல் தட்டையாகப் பரந்து கிடக்கும். எங்கும் இடுப்பளவு புல். நடுவில் மழைத்தண்ணீர் நின்று சேறாகும் சின்னத் தாங்கல். பனிக்காலத்தில் வடக்கே எங்கிருந்தோ, மலைகளையெல்லாம் தாண்டி, பூனைப்பருந்துகள் அங்கே வரும். பகலெல்லாம் கீழே வயல்களில் வெட்டுக்கிளியும் எலியும் பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது மேட்டுக்குத் திரும்பும். மற்ற பருந்துகளைப் போல மரத்தில் அடையாது. புல்லுக்குள் தரையிலேயே படுத்துக்கொள்ளும். அதனால் புல் போனால் அவற்றுக்குத் தங்க இடமில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட புல் மிச்சமிருந்தது அந்த ஒரு மேட்டில்தான்.

அந்த மேட்டின்மேல் ஒரு கிரஷர்காரருக்குக் கண். உச்சியை உடைத்து ஜல்லியாக்க அனுமதி கேட்டிருந்தார். பறவைகள் தங்கும் இடம், கொடுக்கக்கூடாது என்று வனவர் அம்மா எதிர்த்தார். அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அந்தியில், பருந்துகள் அடைந்த நேரம் பார்த்து, புல் பற்றி எரிந்தது. மறுநாள் அதிகாரிகள் பார்த்தது சாம்பலைத்தான். கிரஷர்காரர் வெள்ளை வேட்டியில் கரி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க மேடம் உங்க பருந்து? அதுக்கு ஆதார் கார்டு கீதா?" என்றார். வனவர் அம்மா தொப்பியை நீட்டிக் காட்டினார். "கோழிய சுட்டு எடுத்தாந்து காட்டுறாங்க சார்" என்று கிரஷர்காரர் சொன்னதும் உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "இன்னும் ஒரு பனிக்காலம் மட்டும் பொறுங்க சார்" என்று அதிகாரிகளிடம் கேட்டார் வனவர் அம்மா. அவர்களும் சரியென்றார்கள்.

அந்த ஒரு வருடமும் அவர் வேறு எதையும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. மேட்டில் ஆடு மேய்க்கும் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். அந்தத் தீயில் அவளுடைய சினையாடு ஒன்றும் வெந்து போயிருந்தது. "கேனு எடுத்துகினு மேல போனவன நான் பாத்தேன் நைனா. கிரஷர் ஆளுதான். கீழ காருல அவன் மொதலாளியே குந்திகினு இருந்தாரு" என்று என்னிடம் சொன்னாள். வனவர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத கோர்ட்டுல சொல்லுவியா?" என்று கேட்டார். "ஏன் சொல்ல மாட்டேன்? என் ஆடு போச்சே" என்றாள். மேட்டுக்குப் போகும் பாதையில் அவளே உட்கார்ந்து, புல் வளரும் வரை யாருடைய ஆட்டையும் மேலே விடவில்லை. தன் ஆடுகளையும்தான். ஆடியில் மழை விழுந்தது. வேர் சாகவில்லை. கரியைக் கிழித்துக்கொண்டு பச்சை கிளம்பியது.

அடுத்த பனிக்காலத்தில் அதிகாரிகளை மாலை நேரமாகப் பார்த்து அழைத்தார் வனவர் அம்மா. கிரஷர்காரரும் கட்டாயம் வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார். ஆந்திரப் பக்கத்து மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கிரஷர்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இளித்தார். அப்போது புல்லின் நுனியை உரசுவதுபோலத் தாழப் பறந்து ஒன்று வந்தது. சாம்பல் நிற ஆண் பருந்து. இறக்கையை அசைக்காமல் ஒரு வட்டம் போட்டுப் புல்லுக்குள் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு நாலாபக்கமிருந்தும் வரத் தொடங்கின. எல்லோரும் பறவைகளைப் பார்த்தோம். வனவர் அம்மா மட்டும் பார்க்கவில்லை. கிரஷர்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணிக்குங்க சார், பொறுமையா எண்ணிக்குங்க" என்றார்.

அனுமதி கிடைக்கவில்லை. தீ வைத்த வழக்கில் ஆட்டுக்காரப் பெரியம்மா பயப்படாமல் சாட்சி சொன்னாள். கோர்ட்டுக்கு அலைந்ததில் கிரஷர்காரரின் கூட்டாளிகள் விலகினார்கள், லாரிகள் கைமாறின. ஒருநாள் கிரஷர்காரர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து கைகூப்பி நின்றார். "உட்டுருங்கம்மா. குடும்பம் கீது." வனவர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எரிஞ்சதுங்களுக்கும் குடும்பம் இருந்துச்சு" என்றார். கொஞ்சம் இளகுவார் என்று எதிர்பார்த்தேன். இளகாதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஓய்வு பெற்றுப் போன வனவர் அம்மா சென்ற ஆண்டு காலமானார். இந்தக் கிருத்திகையன்று திருத்தணிக் கோயில் மலைப்படி அடிவாரத்தில் கிரஷர்காரரைப் பார்த்தேன். உடம்பு ஒடுங்கி, கோலூன்றி நின்றார். அடையாளம் கண்டுகொண்டு, "அந்தம்மா நல்லாக்கிறாங்களா?" என்றார். போய்விட்டார் என்றேன். "மேல இன்னும் வருதா அதுங்க?" என்று கேட்டார்.

"ஆங், வருதுங்க. வருசா வருசம் ஜாஸ்தியாத்தான் ஆய்கினு போவுது" என்றேன். அவர் முகம் ஒரு நொடி அன்றைக்குப் பருந்துகள் இறங்கியபோது மேட்டில் தொங்கிப்போன முகமானது. திருப்தியாகப் படியேறினேன்.

போன பனிக்காலத்தில் வந்தவை ஐந்தாறுதான். புல் அப்படியே நிற்கிறது. அவை வந்து போகும் வழியில் எங்கே என்ன ஆகிறதோ, யாருக்கும் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்ல மாட்டேன். உயிர் போகும் வரை அவர், மேடு நிறையப் பருந்துகள் இறங்குவதாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.