பணயம் வைத்தவர் யார்

உலகத்தில் இங்கிலீஷ் பேசுகிற அத்தனை பேரும் எங்கள் சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் வாயையே திறக்கிறார்கள். நம்பாதவர்கள் தொழிலாளர் விசாரணை அறைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே சித்தி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்னும் பள்ளம் இருக்கும்.

அங்கே சித்தி மொழிபெயர்ப்பாளர். ஏஜென்சி கூப்பிட்டால் போவாள். தொழிலாளி தமிழில் சொல்வதை இங்கிலீஷில் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். அவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் பாரம் தூக்கி இடுப்பு ஒடிந்ததும் ஏணியிலிருந்து விழுந்ததும் சித்திதான். வீட்டுக்கு வந்ததும் குக்கரைத் திறக்கவே பயப்படுவாள்.

ஒரு நாள் அவள் தகடு வெட்டுகிற மிஷின்காரர். அவருடைய வலது கை மிஷினுக்குள் போய்விட்டது. தப்பு அவருடையது என்றாகிவிட்டால் நஷ்டஈடு கிடையாது. பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்தது யார் என்று கம்பெனி வக்கீல் கேட்கவே இல்லை. மூடி இல்லாத மிஷினிடம் ஏன் போனாய் என்று மட்டும் கேட்டார். மிஷின்காரர் கட்டுப்போட்ட மணிக்கட்டைப் பார்த்தார்.

"உயிரைப் பணயம் வச்சு உழைச்சேன் சார்."

சித்தி மூச்சுவிடாமல், "ஐ ரிஸ்க்ட் மை லைஃப்" என்றாள். அப்படியானால் தெரிந்தேதான் போயிருக்கிறார் என்றார் வக்கீல், சந்தோஷமாக. டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது அவள்தான் சொல்வாள்: ரிஸ்க் என்றால் பெரும்பாலும் நாமே போய்த் தலையைக் கொடுப்பது. எண்டேஞ்சர் என்றால் உயிரை ஆபத்தில் தள்ளுவது, அனேகமாக அடுத்தவன் உயிரை. ஜெப்பர்டைஸ் கோட்டுப் போட்டவர்களுடையது; பதவிக்கும் ஒப்பந்தத்துக்கும் கேடு வந்தால் சொல்வார்கள்.

சித்தி கையைத் தூக்கினாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு தவறு செய்துவிட்டார் என்றாள், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போல. அதிகாரி அனுமதித்ததும் மிஷின்காரர் பக்கம் திரும்பினாள்.

"பணயம் வச்சேன்னீங்களே, அப்படின்னா என்னண்ணே?"

"மூடியைக் கழட்டிட்டு ஓட்டுன்னாங்க. மாட்டேன்னா நாளைக்கு வராதேன்னாங்க. வேற என்னம்மா பண்றது?"

அதை அப்படியே சொன்னாள். முந்தைய வரியில் ரிஸ்க் போய், "தே எண்டேஞ்சர்ட் மை லைஃப்" என்று வர வேண்டும் என்றாள். மொழிபெயர்ப்பாளர் கட்சி சேர்கிறார் என்றார் வக்கீல். அதிகாரி பழைய வரி, புது வரி இரண்டையும் பதிவில் வைத்துக்கொண்டு, தப்பு ஆளுக்குப் பாதி, அதனால் நஷ்டஈடும் பாதி என்று தீர்ப்புச் சொன்னார். கை மட்டும் முழுசாகப் போயிருந்தது.

மறுநாள் ஏஜென்சிக்காரர் கூப்பிட்டு, அவள் ஒப்பந்தத்தை ஜெப்பர்டைஸ் பண்ணிவிட்டதாகச் சொன்னார். சொல்லைச் சரியாகத்தான் போட்டிருந்தார். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. சித்தி இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறாள். போன் அடித்தால் மட்டும் இன்னும் ஓடிவருகிறாள்.

அந்த மனுஷனுக்காகத் தன் வேலையையே ரிஸ்க் பண்ணினாள் சித்தி.

நான் எழுதியதை இதுவரை படித்த சித்தி பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசி வரியைத் தொட்டாள்.

"யாருக்காகவும் இல்லடா. தப்பாச் சொன்னேன், திருத்தினேன். அதுக்குள்ள அந்தாளுக்குப் பாதி போயிடுச்சு. பெருமையா எழுதாதே."

பிறகு மேலே போய் முதல் வரிகளைப் பார்த்தாள்.

"நாற்காலியா? எங்களை நிக்க வச்சுத்தான் பேச வைப்பாங்க."